பவுனாம்பாள் எந்தப் பக்கம்?

கலியமூர்த்தி நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எங்கள் பக்கம் கபடி பாடி வந்தான்.

வலது முழங்கையில் சிவப்புக் கைக்குட்டை ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தான். ஸ்டைலுக்குக் கட்டியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பொங்கல் முடிந்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால வெயில். எங்கள் பிளாக் மைதானத்தைச் சுற்றி நிற்க இடம் இல்லை. குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுச் சுவரில் ஒரு வரிசை, முந்திரி மரத்தில் ஒரு வரிசை, சைக்கிள் கேரியர் மேல் ஏறி நின்றவர்கள் ஒரு வரிசை. ஷிப்டு முடிந்து நேராக வந்தவர்கள் தலையில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

இரண்டு கட்சியும் சமம். இதுதான் கடைசிப் பாட்டு. அவனை அமுக்கிவிட்டால் கப் நெய்வேலிக்கு. எங்களில் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் சேத்தியாத்தோப்புக்கு.

கப் போனால் போகட்டும் என்று நான் சொல்லியிருப்பேன். எனக்குக் கப் புதிதா? ஆனால் அன்றைக்கு அந்த மேட்சில் கப்பு மட்டும் இல்லை, ஒரு பெண்பிள்ளையின் உயிரும் இருந்தது. கபடியில் எப்படி உயிர் வந்தது என்று கேட்பீர்கள். கலியமூர்த்தி நல்ல மூச்சுக்காரன். அவன் அங்கேயே பாடிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் என்னோடு கொஞ்சம் பின்னால் வாருங்கள்.

மணலும் என்னுடையது, மைக்கும் என்னுடையது

போன வாரம் நான் கான்ட்ராக்டில் மண் சுமந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், மூன்றாம் வகுப்பு படித்தவர் இவ்வளவு எழுத முடியுமா, யாராவது எழுதித் தருகிறார்களா என்று கேட்டிருக்கிறார். ஐயா, எழுதுவது நான்தான். ஒற்று மட்டும் பத்திரிகை ஆபீசில் போட்டுக்கொள்கிறார்கள்.

மண் சுமந்தவன் சைக்கிளுக்கு வந்தேன். முதலில் பஞ்சர் ஒட்டினேன். அப்புறம் வாடகை சைக்கிள். நகரியத்தில் அப்போது சைக்கிள் இல்லாமல் ஒருவனும் ஷிப்டுக்குப் போக முடியாது. தனவேல் கடை சைக்கிள் என்றால் செயின் கழலாது, பெல் அடிக்கும். நான் சொல்லவில்லை, ஊரே சொல்லும். கை கொஞ்சம் தாராளமானதும் நான் செய்த முதல் காரியம் கபடி டீம் ஆரம்பித்ததுதான்.

மைதானத்துச் செம்மண்ணில் விழுந்தால் முட்டி பெயரும். வெள்ளாற்றிலிருந்து லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டியவன் நான். பனியன் நான். ஒலிபெருக்கி நான். பிளேயர்களுக்கு முட்டையும் நான்.

கேப்டன் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, மைன்ஸில் பெர்மனென்ட் ஆபரேட்டர். எதிரியின் கணுக்காலைப் பிடித்தான் என்றால் கிரேன் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். எங்களுக்கு ஒரே எதிரி சேத்தியாத்தோப்பு. அவர்கள் கேப்டன்தான் இந்தக் கலியமூர்த்தி. வயலில் வேலை செய்து இறுகிய உடம்பு. அவன் ஊர் ஆற்று மணலைக் கொண்டுவந்து கொட்டி, அதில் அவனுக்கே காலை ஊன்ற இடம் கொடுத்துவிட்டேன் என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வார்கள்.

கோட்டுக்கு வெளியே ஒரு பிளேயர்

எங்கள் டீமில் கணக்கில் வராத ஒரு ஆள் உண்டு. பவுனாம்பாள்.

வளையமாதேவிப் பக்கத்துப் பெண். புருஷன் தங்கராசு கான்ட்ராக்டில் வேலை. அவள் மைதானத்து ஓரத்தில் கூடை வைத்து அவித்த மல்லாட்டை விற்பாள். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். உப்புப் போட்டு அவித்து, ஈரச்சாக்கு மூடி, ஆவி பறக்கக் கொண்டுவருவாள். அந்த வாசனை வந்தால் பிராக்டீஸ் முடியப்போகிறது என்று அர்த்தம். விற்றது போக மீதியைப் பிளேயர்களுக்கு அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் கூடையைக் கவிழ்ப்பாள்.

மல்லாட்டையைவிட அவள் வாய்தான் பிரசித்தம். எங்கள் ஆள் பாடிப் போனால் இவளும் கூடவே ஓரத்தில் ஓடுவாள். எதிராளி வந்தால் பிடிக்கச் சொல்லி அவள் போடும் சத்தம் எட்டாவது பிளேயர் மாதிரி. ஒரு தடவை கலியமூர்த்தியே பாட்டை விட்டுவிட்டு, இந்தம்மாவை வெளியே அனுப்பினால்தான் ஆடுவேன் என்று ரெஃப்ரியிடம் சண்டை போட்டான். கோட்டுக்கு வெளியேதானே இருக்கிறேன், இன்னும் எங்கே வெளியே போவது என்று அவள் கேட்டாள்.

அந்த வருஷம் மார்கழியிலேயே அவள் சத்தம் இறங்க ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. நாங்கள் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தோம். பொங்கல் முடிந்து இரண்டொரு நாளில், பிராக்டீஸ் நடந்துகொண்டிருக்கும்போது கூடை சரிந்து மல்லாட்டை மணலில் உருண்டது. திரும்பிப் பார்த்தால் அவள் மயங்கிக் கிடக்கிறாள். உதடு வெளுத்து, நகம் வெளுத்து, காகிதம் மாதிரி இருந்தாள்.

என் கடை டிரைசைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மிதித்தது இசக்கிமுத்து. வழி விடச் சொல்லிக் கத்தியது நான்.

டாக்டரம்மா சொன்ன கணக்கு

டாக்டரம்மா பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்கில் ரத்தம் போயிருக்கிறது, வெளியே சொல்லாமலே இருந்திருக்கிறாள் என்றார். அறுவை செய்து கட்டியை எடுத்தால் பிழைத்துவிடுவாள். ஆனால் இப்போது இருக்கும் ரத்தத்தில் கத்தி வைக்க முடியாது. முதலில் ரத்தம் ஏற்றி உடம்பைத் தேற்ற வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அன்றைக்கு மறுபடியும் புது ரத்தம் கையிருப்பில் வேண்டும்.

நான் உடனே, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிவிடலாம் என்றேன். எனக்கு அப்போது எதையும் கடையில் வாங்கலாம் என்று நினைப்பு. ரத்தம் மனுஷன் கொடுத்தால்தான் உண்டு என்று அந்தம்மா பொறுமையாகச் சொன்னார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது. இன்றைக்குக் கல்யாண நாளுக்கு ரத்தம் கொடுக்கிறார்கள், காலேஜில் வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். அப்போது ரத்தம் என்றால் நடுங்குவார்கள். ஒரு சொட்டு ஊற ஒரு வேளைச் சோறு வேண்டும், ஒரு பாட்டில் போனால் ஜென்மத்துக்கும் திரும்பாது, ரத்தம் கொடுத்தவனால் வெயிட் தூக்க முடியாது, பிள்ளை பிறக்காது. இதை எல்லாம் நம்பினவர்கள் படிக்காதவர்கள் மட்டும் இல்லை. டை கட்டினவர்களும் நம்பினார்கள்.

தங்கராசு மனைவியின் அண்ணன் தம்பிகளிடம் கேட்க, சேத்தியாத்தோப்பில் பஸ் மாறி வளையமாதேவிக்கு ஓடினான். மறுநாள் கடைக்கு வந்து, காற்று இறங்கின டியூப் மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

"மச்சானுங்க மூணு பேரு இருக்கானுங்க மொதலாளி. ரத்தம்னு சொன்னதும் ஒருத்தன் கொல்லிக்குக் களை வெட்டப் போறேன்னுட்டான். ஒருத்தன் வூட்டுக்குள்ள போயி போத்திகினு படுத்துக்கினான். இன்னொருத்தன் அழுவுறான். அவனுக்கு நான் சமாதானம் சொல்லிட்டு வரேன்."

தங்கராசுவின் குரூப் அவளுக்குச் சேரவில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் இரண்டு கையையும் நீட்டியிருப்பான்.

நீங்க மொதல்ல குடுங்க அண்ணாச்சி

வியாழக்கிழமை காலையில் டீமை மைதானத்தில் உட்காரவைத்துப் பேசினேன். நான் பேசி ஒருவன் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கு ஏழு பேரும் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் இசக்கிமுத்து வாயைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமை மேட்சு இருக்கிறது என்றான். அதைவிட, சித்திரையில் அவனுக்கு மாமன் மகளோடு கல்யாணம் பேசியிருக்கிறது. ரத்தம் கொடுத்த சேதி திருநெல்வேலிக்குப் போனால் மாமா பெண் தருவாரா என்பது அவன் கவலை.

நான் ஓரத்தைக் காட்டினேன். பவுனாம்பாள் உட்காரும் இடத்தில் மல்லாட்டைத் தோல் அப்படியே கிடந்தது.

"ஏன்டா, முட்டை நான் குடுத்தேன், சரி. அது வாரத்துக்கு ரெண்டு நாளு. மிச்ச நாளெல்லாம் யார் கூடையில கை வுட்டுத் தின்னீங்க? உங்க உடம்புல ஓடுறதுல பாதி அவ மல்லாட்டை. அதத்தான் திருப்பிக் கேக்குறா."

பிறகு இசக்கிமுத்து எழுந்து மணலைத் தட்டினான்.

"சரி அண்ணாச்சி. நீங்க மொதல்ல குடுங்க. நாங்க பின்னாலயே வாரோம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த யோசனை அதுவரை எனக்கு வரவில்லை. ஏற்பாடு செய்வதுதான் என் வேலை என்று இருந்தேன். ஆனால் வந்த சவாலைத் தனவேல் விட்டதில்லை. என் கடை சைக்கிள்களை வரிசையாக எடுத்து ஊர்வலமாகப் போனோம். முன்னால் நான். பெல் அடித்துக்கொண்டே போனேன்.

பஜார் டீக்கடை நாகப்பன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். ஊரில் எந்தச் சேதியும் அவன் பாய்லரில் கொதித்துத்தான் வெளியே வரும்.

ஆஸ்பத்திரியில் ஊசியின் பருமனைப் பார்த்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பயம் இல்லை, பழக்கம் இல்லை. கட்டிலில் படுத்தபடி, நான்தானே முதல் ஆள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் சிரித்தார். காலையில் முதல் பஸ்ஸில் ஒருத்தர் வந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார், பேர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார் என்றார். அது வேறு யாருக்கோ இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

என் ரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. இசக்கிமுத்து ரத்தமும் சேர்ந்தது. சேராதவர்கள், வந்தது வந்துவிட்டோம், வேறு யாருக்காவது ஆகட்டும் என்று கையை நீட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடலாமா என்று கேட்டோம். இரண்டு நாள் ஓய்வு எடுத்து, நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத் தாராளமாக ஆடுங்கள் என்றார் டாக்டரம்மா.

அன்று சாயங்காலமே பவுனாம்பாள் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் டாக்டரம்மா அடுத்த கணக்கைச் சொன்னார். ஒருமுறை கொடுத்தவர்கள் மாதக்கணக்கில் மறுபடி கொடுக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமைக்கு வேறு ஆள் வேண்டும்.

காலி பாட்டில்கள்

வேறு ஆளுக்கு நான் எங்கே போவேன்? பிளாக் பிளாக்காகச் சைக்கிளில் சுற்றினேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் டீம் எப்படி ஆடுகிறது, பார்க்கிறோம்.

பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்கப் பந்தயம் கட்டிவிட்டது. ரத்தம் கொடுத்த உடம்பு நிற்குமா, சாயுமா? நாங்கள் ஜெயித்தால் பயம் போகும். தோற்றால் நெய்வேலியில் இனி ஒருவனும் கை நீட்டமாட்டான். செவ்வாய்க்கிழமை பவுனாம்பாளுக்குக் கத்தி வைக்க முடியாது.

மேட்சுக்கு நாங்கள் மைதானத்துக்குள் வரும்போது நாகப்பன் முன்வரிசையில் நின்றுகொண்டு கூட்டத்தை விலக்கினான்.

"காலி பாட்டிலுங்க வருது, ஒதுங்குங்க. காத்துக்குச் சாஞ்சிடப் போவுது."

கூட்டம் சிரித்தது. இசக்கிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்தில் மல்லாட்டைக் கூடை இருக்கும் இடம் காலியாக இருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை.

எங்கள் பிள்ளைகள் ஆடின ஆட்டத்தை நான் எழுத ஆரம்பித்தால் பத்திரிகைக்காரர்கள் பக்கம் போதாது என்பார்கள். புலி மாதிரி ஆடினார்கள். ஒருவன் புள்ளியை விட்டால் இன்னொருவன் எடுத்தான். நான் மைக்கில் தொண்டை கட்டும்வரை கத்தினேன். நாகப்பன் சத்தம்கூடக் குறைந்தது. அப்படித்தான் அந்தக் கடைசிப் பாட்டுக்கு வந்து நின்றோம்.

கைக்குட்டை அவிழ்ந்தது

கலியமூர்த்தி பாடி வருகிறான். எங்கள் பிள்ளைகள் கைகோத்து வளைக்கிறார்கள். அவன் இடது ஓரத்துக்குப் போகிற மாதிரிக் காட்டி, சட்டென்று உள்ளே பாய்ந்து இசக்கிமுத்துவின் தோளைத் தொட்டுவிட்டான். தொட்டவன் திரும்புவதற்குள் இசக்கிமுத்து அவன் மேல் விழுந்து வலது கையைப் பிடித்துக்கொண்டான். பிடி என்றால் அந்தப் பிடி. மைதானமே எழுந்துவிட்டது.

கலியமூர்த்தி விழவில்லை. பாட்டும் நிற்கவில்லை. ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைப் பார்த்து நகர்ந்தான். கட்டை வண்டி இழுக்கிற மாதிரி, ஒவ்வொரு அடியாக. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது இசக்கிமுத்துவின் பிடி முழங்கைக்கு நழுவியது. கைக்குட்டை அவிழ்ந்து அவன் கையோடு வந்துவிட்டது. கலியமூர்த்தி குப்புற விழுந்து கோட்டைத் தொட்டான்.

விசில்.

தோற்றுவிட்டோம்.

சேத்தியாத்தோப்புக்காரர்கள் மேளத்தை அடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். நான் மைக்கைக் கீழே வைத்தேன். பின்னால் நாகப்பன், நான் அப்பவே சொன்னேனே என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. தங்கராசு முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

இசக்கிமுத்து மணலில் மல்லாந்து கிடந்து கலியமூர்த்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். தோற்ற கேப்டன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பையனுக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்று ஓடினேன்.

அவன் எழுந்து தன் வலது கையைக் கலியமூர்த்தியின் கையோடு சேர்த்து வைத்துக் காட்டினான். ஊசி போட்ட இடத்தில் இசக்கிமுத்துவுக்கு நாவல்பழ நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. கலியமூர்த்தியின் முழங்கை மடிப்பிலும் அதே இடம், அதே நாவல்பழம்.

"ஏல, நீயுமா?" என்றான் இசக்கிமுத்து.

கலியமூர்த்தி சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா மேட்சுல எறக்க மாட்டானுங்க. அதான் கட்டிகினு வந்தேன். தோ நிக்கிறாரே தங்கராசு, அவரு எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுதுகினு இருந்தாரு. யாருக்குன்னு கேட்டேன். அந்தக் கத்துற அம்மாவுக்குன்னாரு."

அவ்வளவுதான் சொன்னான்.

எனக்கு மின்னல் அடித்த மாதிரி இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தனவேலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மேஜை மேல் ஏற்றினேன். மைக்கைப் பிடித்தேன். நெய்வேலி தோற்றது உண்மை என்றேன். தோற்கடித்தவனும் ரத்தம் கொடுத்தவன் என்றேன். எங்கள் கேப்டனையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்ட இந்தக் கையில்தான் ஊசி ஏறியது, சந்தேகம் இருப்பவன் வந்து பார் என்றேன்.

வந்து பார்த்தார்கள். வரிசையாக வந்து அந்த இரண்டு நாவல்பழத்தையும் சாமி பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் தொட்டே பார்த்தார். நாகப்பனும் வந்து பார்த்தான். அவன் பேசாமல் போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாடகை இல்லாத சைக்கிள்

திங்கட்கிழமை காலைச் சங்கு ஊதும்போது என் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். ரத்தம் கொடுக்கப் போகிறவனுக்கு வாடகை இல்லை என்று போர்டு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் இல்லை. நைட் ஷிப்டு முடிந்து வந்தவர்களைத் தூங்கி எழுந்து வரச் சொல்லி டாக்டரம்மா திருப்பி அனுப்பினார். நாகப்பன் கடைசி ஆளாக வந்து கையை நீட்டி, தன் உடம்பில் ஓடுவது பாதிக்கு மேல் டீதான், அதற்குத் தான் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி தேங்காய் அளவு இருந்ததாம்.

அதோடு விடவில்லை நாங்கள். பிளாக்குக்கு ஒருவர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தால் என் கடையிலிருந்து ஒரு சைக்கிள் கிளம்பும், சேர்ந்த ரத்தக்காரன் வீட்டு வாசலில் பெல் அடிக்கும். கொடுத்துவிட்டு வருபவனுக்கு நாகப்பன் கடையில் இலவசமாகப் பால். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்து, இதை எப்படி ஏற்பாடு செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கபடி ஆடித் தோற்றுப் பாருங்கள், தெரியும் என்பேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். பவுனாம்பாளுக்கு ரத்தம் கொடுத்ததில் முதல் ஆள் கலியமூர்த்திதான், அவன் ரத்தமும் அவளுக்குச் சேர்ந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது சேத்தியாத்தோப்புக் கணக்கு. நெய்வேலி நகரியக் கணக்கில் முதல் ஆள் நான். இசக்கிமுத்துவுக்கும் சித்திரையில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற அளவுக்கு ரத்தம் இருக்கிறதே என்று மாமாவுக்குப் பெருமையாம்.

அடுத்த பொங்கலுக்கு அதே மைதானம், அதே இரண்டு கட்சி. பவுனாம்பாள் கன்னம் உப்பி, கூடையோடு பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டுக்குக் கலியமூர்த்தி வந்தான். எதிரே இசக்கிமுத்து. ஊரே அவள் வாயைப் பார்க்கிறது. அவளோ இவனைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள், சத்தமே இல்லை.

எனக்குத் தாங்கவில்லை. மைக்கில், பவுனு, நீ எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

அவள் எழுந்து நின்று, ஒரு கை மல்லாட்டையை அந்தப் பக்கமும் ஒரு கை மல்லாட்டையை இந்தப் பக்கமும் வீசினாள்.

"உள்ள இவன் ரத்தமும் ஓடுது, அவன் ரத்தமும் ஓடுது. நான் யாருக்குன்னு கத்துறது? ரெண்டு பேருக்குந்தான் கத்துவேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "முன்னல்லாம் எனக்குக் கத்த மட்டுந்தான் வரும். மொதலாளி ரத்தம் ஏறுன பெறவு பெருமை பேசவும் வருது."

மைதானம் சிரித்து அடங்க வெகு நேரம் ஆயிற்று. மைக் என் கையில்தான் இருந்தது. அதை அவளிடமே நீட்டிவிட்டேன். என் ஆயுசில் மைக்கை நானாக விட்டது அந்த ஒரு தடவைதான்.